மின்கிட்டாரின் அலைவரி மரத்துக்கு எந்த நிறப்பூச்சு பொருந்தும்?

மேப்பிள் போன்ற மரங்களில் நார்கள் நெளிந்து வளர்ந்திருப்பதால், இழைத்த பரப்பில் ஒளியும் நிழலும் பட்டை பட்டையாகத் தெரிவதே அலைவரி. நார்நுனி மேல்நோக்கும் இடங்கள் சாயத்தை அதிகம் உறிஞ்சுவதால், முதலில் கடும் பழுப்புச் சாயம் பூசி, மெல்லத் தேய்த்தெடுத்து, அதன்மேல் தெளிவான தேன்நிறத்தை ஏற்றினால் வரிகள் ஆழமாக எழும்; என் தேர்வும் அதுவே. நீலம் அழகானதுதான், ஆனால் மரத்தின் மஞ்சட்சாயல் அதைப் பச்சைப்பக்கம் இழுத்துவிடும். கண்ணாடிக் கோப்பையில் வெறுந்தேநீரின் அடி தெரியும், பால் விட்டால் மறையும். ஊடுருவும் சாயத்துக்கும் மூடும் பெயின்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நுவரெலியாவின் பனிமூட்டத்தில் லாக்கர் எனும் தெளிவான மேற்பூச்சைத் தெளித்தால் ஈரம் சிக்கி வெண்படலம் படியக்கூடும் என்பதால், உலர்ந்த நாளுக்குக் காத்திருப்பது நல்லது. கருமையான நிறமே வரிகளை உருவாக்குகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் நார் நேராக ஓடும் மரத்தில் எந்தச் சாயமும் அலைவரியை வரவழைக்காது.