பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சஸ்பென்ஷன் புஷ்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். உங்கள் வண்டி ஹெரால்ட் என்பதால் இன்னும் தைரியமாகவே சொல்கிறேன். வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்கிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, மெக்கானிக் "எல்லா புஷ்ஷும் போச்சு சார்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு ஹெரால்டுக்கு முன்பக்கம் முழுக்க நானே மாற்றினேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் காரணம் புஷ்தானா என்று பாருங்கள். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கைதான் ஆர்ம்; அது சேஸிஸில் மாட்டும் இடத்தில் இருக்கும், நடுவில் இரும்புக் குழாய் வைத்த ரப்பர் உருளைதான் புஷ். டயர் லீவரையோ கனமான ஸ்க்ரூ டிரைவரையோ ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். புஷ்ஷின் நடுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனால், அல்லது ரப்பர் வெடித்துப் பிதுங்கி நின்றால், மெக்கானிக் சொன்னது சரி. பிரேக் இழுப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். டிரம் பிரேக் வண்டியில் வீல் சிலிண்டர் ஒழுகினாலும் இதே மாதிரிதான் இழுக்கும்.

1961 முதல் மெட்ராஸில் தயாரான இந்த வண்டியில் பானெட் மூக்கோடும் மட்கார்டோடும் சேர்ந்து முன்னால் கவிழ்ந்துவிடும். அப்புறம் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்த வசதி வேறு பழைய வண்டிகளில் சுலபத்தில் கிடைக்காது. முன் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் காருடையதுதான். ஸ்பிட்ஃபயர் 1980 வரை வந்ததால் பிரிட்டனில் இன்றைக்கும் புது புஷ் கிடைக்கிறது. நம் ஊரில் என்றால் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பார்க்கலாம். ஆனால் பல வருஷம் அலமாரியில் கிடந்த 'புது' ரப்பரை வாங்காதீர்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மீளவில்லை, அல்லது கல் மாதிரி இருக்கிறது என்றால் கீழே வைத்துவிடுங்கள்.

கருவிகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: அங்குல ஸ்பேனர். அரை அங்குல போல்ட் தலை 12.7 மி.மீ. 13-ஐப் போட்டால் உட்காரும், திருகும்போது நழுவி முனையை மழுக்கிவிடும். 9/16-க்கு 14 உள்ளேயே போகாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாதீர்கள், செங்கல், சிமெண்ட் பிளாக் எதுவும் வேண்டாம். அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். சேஸிஸ் தனியாக இருக்கும் வண்டி, ஜாக் ஸ்டாண்டைச் சேஸிஸின் கீழேயே கொடுக்கலாம்.

ஸ்பிரிங்கைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு. இதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோர்த்த ஒரே செட். மேலே சுற்றிலும் மூன்று நட்டு, கீழே ஆர்மில் ஒரு போல்ட். இவற்றைக் கழற்றினால் செட் அப்படியே வெளியே வரும், ஸ்பிரிங் கம்ப்ரசர் தேவையில்லை. நடுவில் இருக்கும் நட்டை மட்டும் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். கழற்றினால் முகத்துக்கு நேரே பாயும்.

மேல் ஆர்மையும் சக்கரம் மாட்டும் பகுதியையும் இணைக்கும் பால் ஜாயிண்டைத் தட்டிப் பிரிக்க வேண்டாம். அது ஆர்மோடு இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது, அந்த இரண்டைக் கழற்றினால் போதும். சக்கரம் மாட்டும் பகுதியைக் கம்பியால் மேலே கட்டிவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக்கூடாது. கீழ் ஆர்மை எடுக்கும்போது பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். எங்கே எத்தனை இருந்தன என்று போட்டோ எடுத்து, தனித்தனிக் கவரில் போடுங்கள். சக்கரத்தின் சாய்வு அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

மல்லுக்கட்ட வைப்பது கீழே, டிரனியன் வழியாகப் போகும் போல்ட். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையில் திருகி நிற்கும் துண்டுதான் டிரனியன். துரு அதை உள்குழாயோடு ஒட்டவைத்திருக்கும். நட்டு வரும், போல்ட் வராது. முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் ஊற்றி வையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சுத்தியலால் விளாசாமல், இரண்டு பக்கமும் ஆக்ஸா பிளேடு விட்டு அறுத்து எடுத்துவிடுங்கள். புது போல்ட் வாங்கிக்கொள்ளலாம், ஆர்ம் வளைந்தால் வேறு தேட வேண்டியிருக்கும்.

ஆர்ம் கையில் வந்துவிட்டால் பெரிய வைஸ் இருந்தால் போதும். ஒரு பக்கம் புஷ்ஷைவிடச் சற்றே சின்ன பாக்ஸ் ஸ்பேனர் சாக்கெட், மறுபக்கம் புஷ் விழுகிற அளவுக்குப் பெரிய சாக்கெட். வைஸை இறுக்க இறுக்கப் பழையது வெளியே வரும். புஷ்ஷுக்கு வெளியே இரும்புக் கூடு இருந்து, அது அசையவில்லை என்றால் நடு ரப்பரைத் துளை போட்டு எடுத்துவிட்டு, பிளேடை உள்ளே விட்டுக் கூட்டை மட்டும் நீளவாக்கில் கீறுங்கள். பிளேடு கூட்டைத் தாண்டும்போது சத்தம் மாறும், அங்கே நிறுத்துங்கள். சிலர் ரப்பரைக் கொளுத்திவிடுவார்கள். அந்தப் புகையை நீங்கள் சுவாசிக்க வேண்டாம், அக்கம்பக்கமும் சண்டைக்கு வரும். புதியதை ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இனிதான் முக்கியமான இடம். வீட்டில் செய்பவர்கள் மட்டுமல்ல, பட்டறையிலும் இதைத் தவறவிடுகிறார்கள். இந்த புஷ்ஷில் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும், ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். வண்டி ஸ்டாண்டில் நிற்க, ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் முழுசாக முறுக்கேறிய நிலையில் இருக்கும். நின்றபடியே கிழியும். 'புது புஷ் நிற்கவே மாட்டேங்குது' என்ற புலம்பலில் பாதி இதனால்தான். அதனால் ஆர்ம் போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் வையுங்கள். சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் உயரத்துக்கு வராது. இரண்டு பேரை உள்ளே உட்காரச் சொல்லி, அப்புறம் இறுக்குங்கள். கை போக இடம் இல்லையென்றால் நாலு சக்கரத்துக்கும் அடியில் கனமான மரப்பலகை கொடுங்கள்.

பாலியூரிதேன் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் உள்குழாய் சுழலும் என்பதால் இந்த முறுக்குப் பிரச்சினை இல்லை, கையால் அமுக்கியே ஏற்றிவிடலாம். ஆனால் குழிச் சாலையில் ஒவ்வொரு அடியும் ஸ்டீயரிங் வரை வரும், கூடவே வரும் பிரத்யேக கிரீஸைத் தடவாவிட்டால் கீச்சிடும். ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்கே.

கழற்றியது கழற்றியாச்சு, டிரனியனையும் பாருங்கள். அதன் நைலான் புஷ்கள் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். அதற்குள் போக வேண்டியது கிரீஸ் இல்லை, 90 கியர் ஆயில். கிரீஸ் நாளாக நாளாக இறுகி வழியை அடைத்துவிடும், மரை வறண்டு உள்ளே துருப்பிடிக்கும், கடைசியில் அந்தத் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். சர்வீஸ் கொடுக்கும்போது பையன்கள் பழக்கதோஷத்தில் கிரீஸ் கன்னை எடுப்பார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பின்பக்கத்தில் ரேடியஸ் ஆர்ம் (பின்சக்கரம் முன்பின் நகராமல் பிடிக்கும் கை) புஷ்களை இதே முறையில் நீங்களே மாற்றலாம், அங்கேயும் தகடுகள் இருக்கும். குறுக்காகப் போகும் பட்டை ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் புஷ்ஷை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அந்தப் பட்டை பின்பாரம் முழுவதையும் தாங்கி வளைந்து நிற்கிறது, விடுபட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. தெரிந்த பட்டறையில் கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பாருங்கள், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.