பால் கசக்கிறது, தோப்பெல்லாம் வெள்ளைப் பூ: என்ன செய்யலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மாடுகள் அதில்தான் மேய்கின்றன. மழைக்கு அப்புறம் இடுப்பு உயரத்துக்கு ஒரு செடி மண்டிவிட்டது, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. பால் கசக்கிறது என்று சொசைட்டியில் சொல்கிறார்கள். பக்கத்தில் சோளத்தட்டு போடும் காட்டில் கோரை. பொள்ளாச்சியில் களைக்கொல்லி வாங்கிவந்து இரண்டுக்கும் சேர்த்து அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாமுங்க. வெள்ளைப் பூச்செடி விதையால் பெருகுவது, கோரை மண்ணுக்குள் கிழங்கால் பெருகுவது. ஒரே மருந்தில் இரண்டையும் முடிக்க நினைத்தால் காசுதான் போகும். அதோடு, எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் கிடைப்பதெல்லாம் கேரளத்திலுள்ள உங்கள் காட்டில் அடிக்கக் கூடியது அல்ல. கேரளத்தில் பாராகுவாட், அட்ரசின் என்ற இரண்டு களைக்கொல்லிகளுக்கும் 2011லேயே தடை. கிளைபோசேட்டுக்கு 2019இல் தடை வந்தது. பாராகுவாட் உள்ளே போனால் முறிவு மருந்தே கிடையாது. மாடும் ஆளும் நடமாடும் தோப்பில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தச் செடி பார்த்தீனியம். இலை கேரட் இலை மாதிரி பிரிந்திருக்கிறதா, தண்டில் நீளவாக்கில் வரி ஓடுகிறதா என்று பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டும் வெள்ளையாகப் பூக்கும். ஆனால் அது தரையோடு படரும், நீளக் காம்பில் ஒற்றைப் பூவும் நடுவில் மஞ்சளும் இருக்கும். அந்தப் பூண்டால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை. பார்த்தீனியம் புல்லோடு கலந்து வாய்க்குள் போனால் பால் கசக்கும். கொஞ்ச நாள் மாட்டைத் தோப்பில் விடாமல் தட்டும் புல்லும் அறுத்துப் போடுங்கள். அப்புறமும் கசப்பு போகாவிட்டால் மடியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அது மடிநோயாகக்கூட இருக்கலாம்.

ஒரு பார்த்தீனியச் செடி பதினைந்தாயிரம் விதைக்கு மேல் கொட்டும். முளைத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே பூத்துவிடும். அதனால் என்ன மருந்து என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ வருமுன் வேரோடு பிடுங்குங்கள். அறுத்துவிட்டால் அடியிலிருந்து தழைக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் யாரையும் இந்த வேலையில் இறக்காதீர்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வந்து அவதிப்படுவார்கள். பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்க வைக்கலாம். பூத்ததைக் காயவைத்து எரித்துவிடுங்கள்.

உப்புக் கரைசல் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். லிட்டருக்கு 200 கிராம் உப்பு கரைத்து அடித்தால் செடி கருகும், உண்மைதான். ஆனால் அது ரோட்டோரத்துக்கும் தரிசுக்கும் சரி. சித்தூர் தாலுகாவின் கரிசலில் தண்ணீர் எளிதில் வடியாது, தோப்புக்குள் உப்பைச் சேர்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இலையில் வெளிர்நிற முதுகில் கறுப்பு வரி ஓடும் சிறு வண்டுகள் தெரிந்தால் அந்த இடத்தில் எதையும் அடிக்காதீர்கள். மெக்சிகோவிலிருந்து தருவித்து 1984இல் பெங்களூரில் விட்ட வண்டுகள் அவை. மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையை மொட்டையாக்கிவிடும்.

பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் மறுபடி முளைக்கும். உடனே தீவனம் விதையுங்கள். தென்னை நிழலில் கினியாப் புல், வெயில் படுகிற பக்கம் கொழுக்கட்டைப் புல்லோடு முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனம். புல் அடர்ந்துவிட்டால் பார்த்தீனியத்துக்கு இடமில்லை. இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள், மாட்டுக்குத் தீனியும் ஆச்சு.

கோரைக்கு ரோட்டாவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டுகிறீர்களா? அப்படியென்றால் நிறுத்துங்கள். அது கிழங்குகளைப் பிரித்துக் காடு முழுக்கப் பரப்பிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் ஆழ உழுது கிழங்கை மேலே புரட்டிக் காயவிடுங்கள், முடிந்தவரை பொறுக்கி எடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. அடுத்த போகம் தட்டைப்பயறு நெருக்கி விதைத்தால் அடங்கும். ஒரே வருஷத்தில் போகாது, இரண்டு மூன்று கோடை தொடர வேண்டும்.

வேலியோரம் உண்ணிச்செடி இருந்தால் அதையும் வேரோடு தோண்டி எடுங்கள். வறட்சியில் பசிக்கு அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வெயில் பட்ட மூக்குத்தோல் உரியும். அப்படி எந்த மாட்டையாவது கண்டால் நிழலில் கட்டிவிட்டு அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.