கேள்வி–பதில்: உறையில் பெயரில்லாத கிட்டார்

கேள்வி: பீட்டில்ஸின் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டில் லீட் கிட்டார் வாசித்தது எரிக் கிளாப்டன் என்கிறார்கள். அந்தப் பாட்டு வந்த ஒயிட் ஆல்பம் உறையில் அவர் பெயரையே காணோமே?

பதில்: வாசித்தவர் அவரேதான். பாட்டை எழுதிய பீட்டில்ஸ் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் அழைத்துவர, 1968 செப்டம்பர் 6 அன்று லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் வாசித்தார். முந்தைய நாள் பதிவாகியிருந்த எட்டுத் தட நாடாவில் அவர் பகுதி ஏறியது. கையில் இருந்தது, அவரே ஹாரிசனுக்குக் கொடுத்திருந்த சிவப்பு கிப்சன் லெஸ் பால் கிட்டார். கிளாப்டன் அப்போது பாலிடார் இசைத்தட்டு நிறுவனத்தின் கிரீம் குழுவில் இருந்தார், பீட்டில்ஸ் இஎம்ஐ நிறுவனத்தில். ஒரு நிறுவனத்துக் கலைஞரின் பெயரை இன்னொரு நிறுவனம் அச்சிட அனுமதி வேண்டும். அந்தத் தலைவலிக்குப் பயந்தே அக்காலத்தில் பல பெயர்கள் உறைக்கு வரவில்லை.

கேள்வி: ஆனால் கேட்டால் கிளாப்டன் மாதிரியே இல்லை. ஏன்?

பதில்: இருக்கக் கூடாது என்றுதான் மெனக்கெட்டார்கள். தன் வாசிப்பு பீட்டில்ஸ் ஒலியோடு ஒட்டவில்லை என்று கிளாப்டனுக்கே பட்டது. அதனால் மிக்ஸிங்கில் அவர் தடத்தை ஏடிடி (ஒரே ஒலியை மெஷினால் இரட்டிப்பாக்கும் முறை) வழியாக அனுப்பினார்கள். 1966இல் அதே ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் உருவாக்கிய முறை அது. நாடாவில் உள்ள ஒலியைப் பதிவு ஹெட்டிலிருந்தே சற்று முன்கூட்டி எடுத்து, இரண்டாவது டேப் மெஷினில் ஏற்றி, உடனே திரும்ப ஒலிக்கவிட்டு மூலத்தோடு சேர்ப்பார்கள். இரண்டாவது மெஷினின் மோட்டார் வேகம் ஓர் ஆசிலேட்டரின் (மின் அலைவை உண்டாக்கும் கருவி) கட்டுப்பாட்டில் இருக்கும். அதன் குமிழைத் திருப்பினால் இரண்டு ஒலிக்கும் இடையே சில மில்லிசெகண்ட் இடைவெளி கூடும், குறையும். ஒரே கிட்டார் இரண்டாகக் கேட்கும். வேகமாக ஆட்டினால் சுருதியே தள்ளாடும். மற்ற பாடல்களில் அது பிழை. இங்கே அதுவே வேண்டியிருந்தது. குமிழை ஆட்டிக்கொண்டே இருந்தவர் தயாரிப்பு உதவியாளர் கிறிஸ் தாமஸ். ஹெட்ஃபோனில் கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள்: கம்பியை இழுத்து ஒரு சுரத்தை நிறுத்தும்போதெல்லாம் அந்த அலைவு துல்லியமாகத் தெரியும். விரலின் அசைவு கிளாப்டனுடையது, அதற்கு மேல் வரும் தள்ளாட்டம் மெஷினுடையது.

கேள்வி: ஹாரிசன் பதிலுக்கு ஏதும் வாசித்தாரா?

பதில்: 1969இல் வந்த கிரீமின் 'குட்பை' ஆல்பத்தில், 'பேட்ஜ்' பாட்டில் ரிதம் கிட்டார் அவர். உறையில் 'லாஞ்சலோ மிஸ்டீரியோஸோ' என்ற புனைபெயர் மட்டும். பாட்டின் நடுவே சுழன்று வரும் கிட்டாரை ஹாரிசன் என்று பலர் சத்தியம் செய்கிறார்கள். அது லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாகக் கிளாப்டன் வாசித்தது. அந்த இடம்வரை கேட்கும் ரிதம்தான் ஹாரிசன்.