பூனைக்காலி விதை: பொடியை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கறுப்பு விதை, வெள்ளை விதை, ஒரு பொட்டலம் பொடி, இவற்றில் எது அசல் பூனைக்காலி (Mucuna pruriens என்ற கொடி) என்று கேட்டிருந்தீர்கள். விதையின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. காயில் சுணை (அரிக்கும் மயிர்) இல்லாத, பயிரிடும் வகையில் வெள்ளை, கறுப்பு, புள்ளி எல்லாமே உண்டு.

மெல்லடுக்கு நிறப்பிரிகையில் (சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை, TLC) எல்-டோபா புள்ளி வந்துவிட்டது, ஆகவே அசல் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்-டோபா என்பது இந்த விதையில் உள்ள வேதிப்பொருள், பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகக் கொடுப்பதும் அதுதான். அங்கேதான் இடிக்கிறது. அதே பேரினத்தின் மற்ற இனங்களிலும் எல்-டோபா இருக்கிறது. புள்ளி இனத்தைக் காட்டிக்கொடுக்காது. சாற்றை வெறும் தண்ணீரில் எடுத்தீர்களா? நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் கறுத்துப்போய் அளவு குறைவாகக் காட்டும்.

இனத்தை உறுதி செய்ய பூவும் காயும் உள்ள கிளை வேண்டும். காயின் மேல் பழுப்புச் சுணை இருக்கும், கையுறை இல்லாமல் தொட்டுவிடாதீர்கள், அரிப்பு உயிரை வாங்கும்! அதை உலர்த்தி, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் (Botanical Survey of India) தென் மண்டல மையத்துக்குக் கொண்டுபோங்கள். பொடிக்கு டிஎன்ஏ பட்டைக்குறி (டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதியை வைத்து இனத்தைக் கண்டறியும் சோதனை) பார்க்கலாம், ஆனால் வறுத்த பொடி என்றால் டிஎன்ஏ சிதைந்திருக்கும்.

அப்புறம், மீதி விதையைச் சுண்டல் செய்யலாமா என்று கேட்டீர்களே. மலையில் உள்ள காணிக்காரப் பழங்குடியினர் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டிய பிறகே சாப்பிடுகிறார்கள். அடையாளம் தெரியாத விதையை அப்படிக்கூடச் சாப்பிட வேண்டாம். வீட்டில் யாராவது பார்க்கின்சன் மாத்திரை எடுத்தால் இந்த விதையை அவர் பக்கத்திலேயே வைக்காதீர்கள், இதிலும் எல்-டோபா இருக்கிறது.