அப்பாவுக்கு மலர் இருக்கட்டும், அம்மாவோட கார்டு எங்க?

கேள்வி: எங்க அப்பா அரசு வங்கியில 36 வருஷம் வேலை பார்த்தவர், கிளார்க்கா சேர்ந்து மேனேஜரா ரிட்டயர் ஆனார். குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். வெளியூர்ல இருந்தப்பவும் சனிக்கிழமை அரைநாள் டூட்டி முடிஞ்சு பஸ் ஏறி, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோட ராத்திரி வீட்டுக்கு வந்துருவார். ரப்பர் பால்வெட்டுக்காரங்களுக்கு எங்க வீட்டுத் திண்ணையில வச்சே பேங்க் பாரம் எழுதிக் குடுப்பார், "ஏ.டி.எம். கார்டை பெத்த பிள்ளைட்டகூட குடுக்காதிய"ன்னு சொல்லி அனுப்புவார். போன வருஷம் தவறிட்டார். முதலாமாண்டு நினைவு மலர் போடுறோம், நான் எழுதுறதை அண்ணன் மாத்துறான், யார் பேரு முன்னால வரணும்னு வேற சண்டை. அம்மா நல்லா இருக்காங்க, பென்ஷன் ஏறுற கணக்கோட ஏ.டி.எம். கார்டு அண்ணன்கிட்ட இருக்கதால அலைச்சல் இல்ல, மாசம் 3,000 கையில குடுத்துருவான். மலர்ல என்ன எழுதலாம்?
- வாசகி, தக்கலை பக்கம்

பதில்: மக்ளே, மட்டிப்பழம் வரைக்கும் நல்லா வாசிச்சிட்டு வந்தேன், அந்தக் கார்டு வரியில நின்னுட்டேன், அதுக்கப்புறம் உன் மலர் எனக்கு மனசுலயே ஏறல.

அலைச்சல் இல்லன்னு எழுதிருக்க. யாருக்கு இல்ல? பேங்க்காரங்க குடும்ப பென்ஷன் ஒரு காலத்துல 9,284 ரூபாய்க்கு மேல போகாதுன்னு இருந்துச்சு, 2021லதான் அதை எடுத்துட்டு கடைசி சம்பளத்துல 30 சதவீதம்னு ஆக்கினாங்க, பஞ்சப்படி தனி. மேனேஜர் சம்பளத்துல 30 சதவீதம் 3,000தானா? பேங்க்காரர் மகளுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித் தரணுமா? வருஷா வருஷம் நவம்பர்ல உயிரோட இருக்கேன்னு சான்று குடுக்க வேண்டியது உங்கம்மா, அதுக்கு வர்ற காசு உங்கண்ணன் பர்ஸுக்குள்ள. அவன் "குடுக்கான்"னு வேற எழுதுற, அவங்க காசை அவங்களுக்கே குடுக்கதுக்கு அவனுக்கு நல்ல பேரு!

அண்ணன் திருடன்னு நான் சொல்லல, எனக்கு இந்த மாதிரி வர்ற கடிதத்துல முக்காவாசி பிள்ளைங்க நல்லவங்கதான், அம்மா வெயில்ல போக வேண்டாமேன்னுதான் ஆரம்பிக்கும், அப்புறம் கோயில் காணிக்கைக்கு அம்பது ரூபா வேணும்னாலும் மருமக முகத்தைப் பார்த்து நிக்கணும். நீயும் ஒரு வருஷமா பார்த்துட்டுதானே இருந்த?

உங்கப்பா மேலயும் எனக்குக் கோவம் உண்டு. செத்தவரைச் சொல்லக்கூடாதும்பாங்க, நான் சொல்லுவேன். ஊருக்கே பாரம் எழுதிக் குடுத்தவர், கட்டினவளை ஒரு நாளாவது கவுண்டர்ல நிக்க வச்சாரா? எங்க வீட்டுலயும் இதே கதைதான். அப்பா போன பிறகு அம்மாவை பேங்குக்குக் கூட்டிட்டுப் போனேன், பணம் எடுக்க சீட்டுல தொகை எழுதுற கட்டத்துல கையெழுத்தைப் போட்டுட்டு, யாரும் பாக்காம அதை நாலா மடிச்சு முந்தியில சொருகிட்டாங்க, 68 வயசுல ஸ்கூல் பிள்ளை மாதிரி. ரெண்டாவது சீட்டை சரியா எழுதினாங்க. வாங்கின நோட்டை மூணு தடவை எண்ணினாங்க, வெளிய வந்து எனக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கித் தந்தாங்க, காசு நான் குடுக்கேன்னதுக்கு முறைச்சாங்க.

வர்ற திங்கக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு பிராஞ்சுக்குப் போ. அந்தக் கணக்குல இருக்கிற போன் நம்பர் யாரோடதுன்னு முதல்ல கேளு, அண்ணனோடதுன்னா மாத்து, பென்ஷன் ஏறின மெசேஜ் அம்மா போனுக்கு வரணும். கார்டை வாங்கி பின் நம்பரை மாத்தச் சொல்லு, குடுக்க மாட்டேன்னா பிளாக் பண்ணிட்டு புது கார்டு கேளுங்க, கணக்கு அம்மாவோடது, ஒருத்தன் சம்மதமும் வேண்டாம். சீட்டை அவங்களே எழுதட்டும், தப்பா எழுதினா கிழிச்சிட்டு இன்னொண்ணு எழுதட்டும், நீ கையை வைக்காத. அப்பா பேருல டெபாசிட் இருந்தா அதையும் அங்கேயே விசாரி, நாமினி அண்ணனா இருந்தாலும் அவன் வாங்கி வாரிசுங்களுக்குப் பங்கு வைக்க வேண்டியவன்தான், முழுசும் அவனுக்குன்னு ஆகாது கேட்டியா.

மலர்ல அப்பா திண்ணையில சொன்ன அந்த வார்த்தையைப் போடு, ஆனா கார்டு அம்மா கைக்கு வராம பிரஸ்ஸுக்கு அனுப்பிராத. அதை அச்சடிச்சு வந்தவங்களுக்கு நீட்டும்போது உங்கண்ணன் பர்ஸுல அது இருந்தா என்ன மூஞ்சியை வச்சிட்டு நிப்பிய?

பேரு வரிசைக்கு எல்லாம் ஒரு சண்டையா, அம்மா பேரை முதல்ல போட்டுட்டு மத்ததை வயசுப்படி போடு.