இரவு நிலையம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. ஏழு வருடங்களாக ஆல்ட்-கன்ட்ரி (அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்த வகை) தவிர வேறு இசையை அதிகம் கேட்பதில்லை. செல்போனில் 1,900 பாடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு எக்செல் தாளில் பதிந்து வருகிறேன். (மாதிரிக்கு: சன் வோல்ட் குழுவின் 'டியர் ஸ்டெயின்ட் ஐ' 6.5.) ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் வரிசையைக் கலைத்துவிட்டுக் கேட்பது வழக்கம்.

என் அறைத்தோழன், "அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் சோகம் உனக்கு எப்படிப் புரியும்? இதெல்லாம் வேஷம்" என்கிறான். அடுத்தவர் வாழ்க்கையின் பாட்டை ரசிப்பது போலித்தனமா? வில்கோ குழு பிற்பாடு இந்த இசையைக் கைவிட்டது துரோகம் இல்லையா? நண்பர்களுக்குப் பரிந்துரைக்கப் பத்து ஆல்பங்கள் சொல்ல முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

பட்டியல் தர மாட்டேன். 1,900 பாடல்களை வைத்திருப்பவர் என்னிடம் பத்து ஆல்பம் கேட்பது, வீட்டில் கிணறு இருக்கும்போது அடுத்த வீட்டில் செம்புத் தண்ணீர் கேட்பது போல. வில்கோ பற்றி ஒரே வரி: அதன் பாடகர் ஜெஃப் ட்வீடி 27 வயதில் பாடியதையே 34 வயதிலும் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெயர் ரசனை அல்ல, மாமியார்த்தனம்.

உங்கள் அறைத்தோழருக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம். இந்த வகை இசைக்குத் தொடக்கமாக எல்லோரும் காட்டும், ட்வீடி முன்பு இருந்த அங்கிள் டுப்பெலோ குழு, இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் என்ற ஊரில் 1987-ல் உருவானது. சுற்றிலும் பழைய நிலக்கரிப் பூமிதான். ஆனால் அந்தப் பையன்கள் யாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள் அல்ல. ட்வீடி இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். 1990-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்குப் பெயர் தந்த பாட்டு, பழைய கன்ட்ரி இசைக் குழுவான கார்ட்டர் குடும்பம் 1936-ல் பதிவு செய்தது. அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டரும் மலையூர்களில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர்தான். அவருடன் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கித்தார் கலைஞர் போனார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் ஏற்றிக்கொண்டு திரும்புவார். இந்த இசையில் ஒலிக்கும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். கன்ட்ரி இசையின் அழுகுரலாகிவிட்ட ஸ்டீல் கித்தார் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. இந்த மரபுக்கே மூலவராகக் கும்பிடப்படும் பாடகர் கிராம் பார்சன்ஸ், ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு அதிபதியாக இருந்த குடும்பத்துப் பேரன், ஹார்வர்டில் ஒரு பருவம் படித்தவர். 1973-ல், 26 வயதில் செத்துப்போனார். அவர் குரல் உடையும் இடத்தில் யாரும் சொத்துக் கணக்குக் கேட்டதில்லை. உங்கள் தோழரிடம் இதைச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நான் உட்கார்ந்து பதில் எழுதுவது இதற்காக அல்ல. அந்த 6.5-க்காக.

என் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றில் கணக்கு எழுதியவர். எங்களிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. இலங்கை வானொலி எங்கள் பக்கம் பகலில் சரியாக வராது, இருட்ட வேண்டும். பகலில் வானத்தின் அயனி அடுக்குகளில் கீழே இருப்பது மத்திய அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி எங்கோ தொலைவில் வந்து இறங்கும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோவைத் திண்ணையில் வைத்து, முள்ளைத் திருப்புவதோடு நிறுத்தாமல், பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும் என்பதுதான். ஏதோ ஒரு கோணத்தில் குரல் துலங்கும். உடனே விரலை உயர்த்துவார். வீடு அடங்கும்.

பல்லவி தெளிவாக வரும். சரணம் பாதியில் தேயும். இரைச்சலுக்கு அடியில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது தெரியும், வார்த்தை தெரியாது. அப்பா விரலை இறக்க மாட்டார். இன்னொரு நிலையத்துக்கும் போக மாட்டார். விட்டுப்போன வரியை நாங்களாக நிரப்பிக்கொண்டு காத்திருப்போம். கடைசியில் ஒரு வரி நெருங்கி வந்து காதோரம் பாடிவிட்டுப் போகும். அந்தப் பாட்டு மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பகல் முழுக்க எண்களோடு கிடந்தவர், ஒரு பாட்டுக்கும் எண் போட்டதில்லை.

2004-ல் வேலையாக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மூன்று மாதம் இருந்தேன். கூட வேலை செய்தவர் 'டிரேஸ்' ஆல்பத்தின் சிடியைக் கொடுத்தார். சன் வோல்ட் 1995-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் அது. அங்கிள் டுப்பெலோ உடைந்த பிறகு, ட்வீடியோடு அதில் பாடியவரும் சன் வோல்ட்டைத் தொடங்கியவருமான ஜே ஃபாரர் மிசிசிப்பி ஆற்றை ஒட்டி மேலும் கீழும் கார் ஓட்டித் திரிந்த காலத்துப் பாட்டுகள். முதல் பாட்டிலேயே இரவுச் சாலை, லூசியானாவிலிருந்து வரும் ஏஎம் நிலையம், அதாவது அதே மத்திய அலை. வாடகைக் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். பெட்டியைத் திருப்பும் அப்பாவின் கை அந்தக் காருக்குள் இருந்தது. வேஷமாம்!

நீங்கள் 6.5 போட்டது அந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு. அதில் செயின்ட் ஜெனிவீவ் என்ற ஊர் வருகிறதே, கவனித்தீர்களா? 1993-ல் மிசிசிப்பி பெருகியபோது செயின்ட் லூயிஸில் தண்ணீர் 49.6 அடி வரை ஏறியது. 30 அடி தாண்டினாலே அங்கே வெள்ளம். தெற்கே இருக்கும் அந்தப் பழைய ஊரில் மக்கள் மணல் மூட்டை அடுக்கி அடுக்கி ஆற்றைத் தடுத்து நிறுத்தினார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை 61-ஆம் எண் நெடுஞ்சாலையில் அங்கே போய்க் கரைமேல் நின்றேன். ஆறு கீழே எங்கோ, ஒன்றும் அறியாததுபோல் போய்க்கொண்டிருந்தது. ஊரைக் காப்பாற்றலாம், மனத்தை முடியாது என்கிற மாதிரி அந்தப் பாட்டு ஏன் ஒலிக்கிறது என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. இதைத் தெரிந்துகொண்டால்தான் பாட்டு புரியும் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பே இரண்டு மாதம் அதைக் கேட்டு மனம் கனத்திருந்தேன்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முதல் பாட்டின் இரவை அது முடிவதற்குள் அறுத்துவிட்டு, வேறு எவருடைய பாட்டையோ கொண்டுவந்து ஒட்டுகிறீர்கள். பஸ் ஹாரனுக்கும் நடத்துனரின் விசிலுக்கும் நடுவில் மூன்றாவது பாட்டு வந்து விழுகிறது. பிறகு, தொழிற்சாலையில் போல்ட்டுக்கு அளவு பார்க்கும் அதே கையால் அதற்கு மதிப்பெண். அந்த அரைப் புள்ளியை எங்கே குறைத்தீர்கள், ஐயா? பெடல் ஸ்டீல் கித்தார் இழுக்கும் இடத்திலா? கோபப்படாமல் இருக்கப் பார்க்கிறேன். ஏழு வருடம் ஒரே இசையை விடாமல் பிடித்திருக்கும் மனிதர் நீங்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் திட்டுகிறேன்.

வரும் சனிக்கிழமை இரவு, ஷிப்டு இல்லையென்றால், மொட்டை மாடிக்குப் போங்கள். 'டிரேஸ்', பதினொரு பாட்டு, வரிசை மாறாமல். நடுவில் ஏதாவது பிடிக்காமல் போனாலும் தாண்டாதீர்கள். அறைத்தோழரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டீ உங்கள் செலவு. அவர் பேச வாயெடுத்தால் விரலை உயர்த்துங்கள்.