மஞ்சப்பையில் 11 ட்யூப்

தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறேன். 8 மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட்டைப் போட்டால் 3 நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், அவிநாசி

பதில்: கூச்சப்பட ஒன்றுமே இல்லை, தம்பி. நாள் முழுக்க நீராவியில் நின்று, வேர்வையில் நனைந்த பேன்ட்டோடு வீடு திரும்புகிற யாருக்கும் வரக்கூடியதுதான். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, "இதுவரைக்கும் போட்ட மருந்தையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்பது. ஒரு டையிங் தொழிலாளி மஞ்சப்பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். 11 ட்யூப். சில கடைசிவரை சுருட்டிப் பிதுக்கியவை, சில பாதியில் விட்டவை. பொடி எழுத்தை அவர் மகளைப் படிக்கச் சொன்னேன். 9 ட்யூபில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் இருந்தது. இரண்டும் ஸ்டீராய்டு.

அரிப்பும் சிவப்பும் உங்கள் உடம்பு பூஞ்சையோடு மல்லுக்கட்டுவதால் வருபவை. ஸ்டீராய்டு அந்த மல்லுக்கட்டை நிறுத்திவைக்கிறது. அரிப்பு நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். களையெடுக்க ஆள் இல்லாத தோட்டத்தில் கோரை படர்கிற மாதிரி பூஞ்சை உள்ளுக்குள் படர்கிறது. வட்டத்தின் ஓரம் கலைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல வரிவரியாகக் கோடு விழும். படர்தாமரை ஆறினாலும் அந்தக் கோடு போகாது. 20 வயதுப் பையன்களின் தொடையில் அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. இப்படிப்பட்ட களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. இருந்தும் கேட்டவுடன் கிடைக்கிறது.

அந்தத் தொழிலாளியின் தொடையில் ஓரத்துச் செதிலைப் பிளேடு முனையால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டேன். கொஞ்ச நேரத்தில் தோல் செல்கள் கரைய, பூஞ்சை மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. அவரையும் பார்க்கச் சொன்னேன். "நூலாட்டம் இருக்குதுங்க மேடம்" என்றார். நூல்தான், கிளை விட்டு ஓடுகிற நூல். உங்களுக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

மாத்திரையை டாக்டர் முடிவு செய்யட்டும். டெர்பினாஃபின் பல வருடம் நன்றாக வேலை செய்தது. இப்போது நம் நாட்டில் பலருக்கு வேலை செய்வதில்லை. அது போய் ஒட்ட வேண்டிய நொதியையே பூஞ்சை மாற்றிக்கொண்டுவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போனவர்களிடம் கண்டறிந்த அந்த வகைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் நாட்டுப் பெயர் ஒரு சொறிக்குப் போனதில் எனக்கு வருத்தம்தான். அதனால் பெரும்பாலும் இட்ராகோனசோல் கொடுக்கிறோம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இருதயத்திலோ கல்லீரலிலோ கோளாறு உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், பாதியில் விடாதீர்கள். உங்கள் மனைவிக்கும் கூடவே வைத்தியம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கொரு துண்டு. ஜட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயப்போடுங்கள்.

கேள்வி: பாக்டீரியாவுக்கு அத்தனை மருந்து இருக்கிறதே, பூஞ்சைக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: பாக்டீரியா நமக்கு அந்நியம், பூஞ்சை பங்காளி. அதன் செல்லிலும் நம்முடையதைப் போலவே உட்கரு உண்டு. அதைக் கொல்லும் விஷம் நம்மையும் தொடும். நம் செல்லுறையில் கொலஸ்ட்ரால் இருக்கிற இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால். இருக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. ஆம்ஃபோடெரிசின் என்ற ஊசி மருந்தும் அப்படித்தான், ஆனாலும் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது அந்த ஊசிக்காக ஊர் ஊராக அலைந்த குடும்பங்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பழைய மருந்துகள் பல மண்ணிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் 1950-ல் நிஸ்டாட்டினைக் கண்டுபிடித்தது ஒரு பண்ணை மண்ணிலிருந்துதான். ராயல்டியாக வந்த 1 கோடி டாலருக்கும் மேற்பட்ட பணத்தை இருவரும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும், புனே பக்கத்துப் பிம்ப்ரியில் இருக்கும் அரசு மருந்து நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸில் 1961-ல் ஹமைசின் என்ற பூஞ்சை மருந்தைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

புதிதாக ஒலோரோஃபிம், ஃபோஸ்மனோஜெபிக்ஸ் போன்றவை சோதனையில் இருக்கின்றன. அதற்குள் ஒரு கவலை: ஒலோரோஃபிம் தாக்கும் அதே நொதியைத் தாக்கும் பயிர்மருந்து ஒன்று வெளிநாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. வாழைக்கு இலைப்புள்ளி வந்தால் நாம் அடிக்கிற புரோபிகோனசோலும் இட்ராகோனசோலும் ஒரே குடும்பம்தான். தோட்டத்தில் பயிர்மருந்துக்குப் பழகிப்போன பூஞ்சைக்கு, அதே குடும்பத்து மாத்திரையும் வேலை செய்யாமல் போகலாம். தோட்டத்துக்காரர் வீட்டில் பிறந்தவள் நான், அடிக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அளவுக்கு மேல் கலக்க வேண்டாம், தேவையில்லாமல் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கரும்புத் தோகை உரிக்கும்போது வீட்டுக்காரர் கண்ணில் கிழித்துவிட்டது. 2 நாளாகச் சிவந்து நீர் வடிகிறது. வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?
– வாசகி, சத்தியமங்கலம்

பதில்: விடாதீங்க அம்மிணி. இந்தக் கடிதம் வந்த அன்றே போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் சித்தப்பாவுக்குச் சோளத்தட்டு கண்ணில் குத்தியது. முதலில் தாய்ப்பால் விட்டார்கள், அப்புறம் கடையில் கொடுத்த சொட்டு மருந்து. ஒரு மாதத்தில் கண்ணில் பூ விழுந்து, அந்தப் பார்வை திரும்பவே இல்லை. தோகையிலும் தட்டிலும் இருக்கும் பூஞ்சை கருவிழிக் கீறலில் இறங்கிவிடும். அங்கே ஸ்டீராய்டு சொட்டு விழுந்தால் தொடையில் நடப்பதேதான் கண்ணிலும் நடக்கும், அதுவும் சில நாளிலேயே.

இதற்கு நேட்டமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. 1955-ல் தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்து எடுத்தது. பிறகு வந்த வோரிகோனசோலோடு அதை ஒப்பிட்டு மதுரை, பாண்டிச்சேரி, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 பேரிடம் சோதித்தார்கள். 2013-ல் வெளியான முடிவில் பழைய நேட்டமைசின்தான் ஜெயித்தது. நம் ஊர் விவசாயிகளின் கண்கள் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அடிபட்ட அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கசக்கக் கூடாது. ஏற்கெனவே எதையாவது விட்டிருந்தால் அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.